சாப்பாட்டு பாக்கி

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு எட்டு வருடம் மதியச் சாப்பாடு போட்டேன். சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். செவ்வாய்க்கிழமை ராகி முத்தே, அதாவது நம்ம களி உருண்டை, புதன்கிழமை முட்டை. கம்பெனியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு வாடகை ஷெட்டில் என் சமையல். என்னோடு நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். பாத்திரங்களை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் கேன்டீனில் இறக்குவது என் வீட்டுக்காரர் வேலை. வீடு தொம்மலூரில். கோழி கூவுவதற்கு முன்னால் அங்கிருந்து கிளம்பி, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே ஓசூர் ரோட்டைக் கடந்தவள் நான்.

முதல் சில வருடங்கள் சும்மா சொல்லக்கூடாது, மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள் பணம் பேங்கில் விழுந்துவிடும். அப்புறம் முதலாளி மாறினார். பத்துத் தேதி இருபதாயிற்று, இருபது அடுத்த மாதமாயிற்று. கடைசியில் ஏழு மாதச் சாப்பாடு அப்படியே நின்றது. அக்கவுன்ட்ஸ் பார்க்கிற சார் கன்னடக்காரர், நல்ல சிவப்பாக, நெற்றியில் குங்குமத்தோடு, பார்க்கவே மரியாதை வரும். எப்போது போனாலும் எழுந்து நின்று நாற்காலி போடுவார். "நோடோணா அம்மா, நோடோணா. முந்தின வாரம் கண்டிதா ஆகத்தே" என்பார். பார்ப்போம், கண்டிப்பாக ஆகிவிடும் என்று அர்த்தம். கன்னடத்தில் முந்தின வாரம் என்றால் வருகிற வாரம். எங்களுக்குத் தமிழில் அது போன வாரம்தான், நடந்ததும் அப்படித்தான்.

மளிகைக்காரர் முகம் சுளிக்க ஆரம்பித்தார். கேஸ்காரர் கைக்காசு வைத்தால்தான் சிலிண்டரை இறக்கினார். எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்தேன். சமாளிக்க முடியாதது ஷெட் வாடகை. ஷெட்காரர் கெட்டவரில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "நானும் பேங்குக்குக் கட்டணும்மா. சங்கராந்தி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள பழைய வாடகை எல்லாம் வரலைன்னா சாவியக் குடுத்துடுங்க" என்றார். அடுப்பு, புகைக்கூண்டு, தண்ணித் தொட்டி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் என் காசில் போட்டது. அந்த ஷெட் போனால் எனக்குத் தொழிலே கிடையாது. வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்து மறுபடி அடுப்புக் கட்ட என்னிடம் என்ன இருந்தது, மண்ணாங்கட்டி.

எங்கள் தெருமுனையில், பல் டாக்டருக்கு மேல் மாடியில் ஒரு போர்டு இருந்தது. கம்பெனிகளுக்குள் நிற்கும் பாக்கியை வசூல் செய்து தருகிறவர்கள். தினமும் ஆட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் போவேன். போகலாம் என்றதும் வீட்டுக்காரருக்கு வெலவெலத்துவிட்டது. "அடியாள் வெச்சிருப்பாங்கடி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸு நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்றார்.

"வரட்டுமே. போலீஸுக்கும் சாப்பாடு போட்டு பாக்கி வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.

மீசையை முறுக்கிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நானும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். உள்ளே போனால் டியூஷன் சென்டர் மாதிரி இருந்தது. வரிசையாகப் பெண் பிள்ளைகள் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கேஸை எடுத்துக்கொண்டவள் சேலத்துப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். என் பில்களையும், கேன்டீன் சூப்பர்வைசர் தினமும் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கைச் சீட்டுகளையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இவ்ளோ ஒழுங்கா யாருமே கொண்டு வர்றதில்லை மேடம்" என்றாள். அப்புறம் தேதிகளைப் பார்த்தாள், முகம் சுருங்கியது.

"வயசாயிடுச்சு மேடம்."

"யாருக்கு?"

"அக்கவுன்ட்டுக்கு. மூணு மாசத்துக்குள்ள வந்திருந்தீங்கன்னா போன்லயே முடிச்சிருப்பேன். நாளாக ஆக அவங்களுக்குக் கூச்சம் விட்டுப் போயிடும்."

கடன் என்ற வார்த்தையை அங்கே யாரும் சொல்வதில்லை. எல்லாம் அக்கவுன்ட்தான். என் அக்கவுன்ட்டை எப்படிக் கவனிப்பார்கள் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். முதலில் அவர்கள் பேர் போட்ட தாளில் ஒரு கடிதம் போகும். ஒரு வாரம் விட்டு போன். போனில் எப்போது தருகிறீர்கள் என்று தேதி வாங்குவார்கள், அந்தத் தேதியன்று காலையில் மறுபடி போன். அதற்கும் மசியவில்லை என்றால் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேர் நேரில் போய் ரிசப்ஷனில் உட்கார்வார்கள். சத்தம் போடமாட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். பணம் வந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு இவர்களுக்கு, வராவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

"ரெண்டு கண்டிஷன் மேடம். இனிமே நீங்க அவங்ககிட்ட நேரா பேசக்கூடாது. பேசினா நாங்க பேசறதுக்கு மதிப்பு போயிடும். இன்னொண்ணு, சப்ளைய இன்னைக்கே நிறுத்தணும்."

"சாப்பாட்டையா?"

"நிறுத்தினாத்தான் அவங்களுக்கு வலிக்கும்."

"வலிக்கப்போறது அந்தக் குங்குமப் பொட்டுக்காரனுக்கு இல்லம்மா. அவன் வீட்டுலேர்ந்து கேரியர் வருது. மிஷின்ல நிக்கிற பசங்களுக்கு இல்ல வலிக்கும்?"

"அந்தப் பசங்க கத்தினாத்தான் மேடம் உங்க பில்லு மொதலாளி வரைக்கும் போகும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் உலை வைக்கவில்லை. நான்கு பெண்களும் காய் நறுக்க ஒன்றுமில்லாமல் ஷெட் வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிப் பிள்ளைகளில் யாரோ போன் செய்து, "அக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டான். பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகள், மீதிப் பேர் ஒடிசா, பீகார். ரூமில் சமைக்க நேரமில்லாதவர்கள். அன்றைக்கு பன்னும் டீயும் சாப்பிட்டார்களாம்.

ஆனால் அந்தப் பெண் சொன்னபடியே நடந்தது. ஒருநாள் அவள் ஸ்பீக்கரில் போட, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். "நமஸ்காரா சார், காபி ஆய்தா?" என்று தேன் ஒழுகக் கன்னடத்தில் ஆரம்பித்தாள். என்றைக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்புறம் வாயே திறக்கவில்லை. எனக்குக் கையும் காலும் பரபரத்தது, நானாக இருந்தால் அதற்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். அவள் விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினாள். அந்தப் பக்கம் சார் கனைத்தார், ஏதோ முனகினார், கடைசியில் தேதி சொன்னார். ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்ததும் முழுப் பணமும். மெயிலிலும் அதை எழுதி அனுப்பிவிட்டார்.

"கேட்டுட்டு சும்மா இருக்கணும் மேடம். யாருக்கு அந்த அமைதி தாங்கலையோ அவங்க எறங்கி வருவாங்க" என்று சிரித்தாள். அவளுக்கு நெட்டி முறிக்காத குறைதான். அன்று மாலை ஷெட்காரரிடம் போய் நானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பூஜை முடிந்ததும் உங்கள் வாடகை வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூஜைக்கு முதல்நாள் கம்பெனியிலிருந்து போன். மிஷின் ஆபரேட்டர் ஒருவர், முதல் வருடத்திலிருந்து என் கைச் சோறு சாப்பிட்டவர். "அக்கா, நாளைக்கு மிஷினுக்குப் பூஜை. வாழைமரம் கட்டியாச்சு, பூசணிக்கா வந்தாச்சு. உங்க சக்கரைப் பொங்கலும் புளியோதரையும் இல்லாம எப்பிடிக்கா படையல் போடுறது?"

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு நான் கம்பெனிக்குப் படையல் கொடுத்தனுப்புவது வழக்கம். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை, பில்லில் ஏற்றியதும் இல்லை. அந்த மிஷின் ஓடித்தானே என் அடுப்பும் எரிந்தது. என் கிரைண்டருக்கும் அண்டாக்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் மட்டும் வெறும் இலையில் பூஜை போடட்டும் என்று எந்தக் கல்நெஞ்சுக்காரி இருப்பாள்? பாக்கி வேறு, பூஜை வேறு. இதை யாரிடமும் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இருந்த அரிசியைப் போட்டு, முந்திரிக்கு அக்கம்பக்கத்தில் கைநீட்டி, இரண்டு அண்டா நிறையச் செய்து அனுப்பினேன்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது நெற்றி நிறையக் குங்குமம், கையில் ஸ்வீட் பாக்ஸ். "அக்கவுன்ட்ஸ் சாரே கூப்ட்டு மாலை போட்டாருடி. பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாரு. இத்தினி நாள்ல இன்னைக்குத்தான் மனுஷனா மதிச்சாங்க" என்றார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஆபீஸ் திறந்த அன்று பணம் வரவில்லை. மெயில்தான் வந்தது. எனக்கு அல்ல, ஏஜென்சிக்கு. அந்தப் பெண் உடனே வரச் சொன்னாள். ஓடினேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். வாழைமரத்துக்குக் கீழே மாலையும் கழுத்துமாக என் வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் சார், நடுவில் என் அண்டா. கூடவே கேட்டில் சாப்பாடு உள்ளே வந்ததாகப் போட்ட பதிவு. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவள் தமிழில் சொன்னாள். உங்கள் வாடிக்கையாளர் வழக்கம்போல சப்ளை செய்துகொண்டுதான் இருக்கிறார். எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை. பழைய பாக்கிக்கு நாங்கள் இரு தரப்பும் பேசி அவகாசம் வைத்திருக்கிறோம். நடுவில் நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

"என்ன மேடம் பண்ணிட்டீங்க?" அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சாமிக்குப் படைக்க குடுத்தேம்மா. காசு வாங்காம குடுத்தேன். அது சப்ளையா?"

"எனக்குப் புரியுது மேடம். ஆனா அவங்க பயந்ததே சாப்பாடு நின்னதுக்குத்தான். இப்ப நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சாப்பாடு வரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி நான் எத்தனை நேரம் போன்ல சும்மா இருந்தாலும் அவரு அசையமாட்டாரு."

அதற்குப் பிறகு அவள் செய்யாததில்லை. இஸ்திரிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேரும் போய் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள், ரிசப்ஷனில் அவர்களுக்கு டீ கொடுத்து உபசரித்து அனுப்பினார்கள். வக்கீல் நோட்டீஸுக்கு பதில் நோட்டீஸ் வந்தது. கோர்ட்டுக்குப் போனால் என்னாகும் என்று கேட்டேன். ஜெயிக்கலாம் மேடம், வருஷக்கணக்கில் ஆகும் என்றாள். எனக்கு இருந்தது சங்கராந்தி வரைக்கும்.

கடைசியில் கம்பெனி ஒரு சமாதானத்துக்கு இறங்கியது. பாக்கியில் பாதி. மூன்று செக், மாதம் ஒன்றாகத் தேதி போட்டு. இன்னொரு பாதியை நான் மறந்துவிட வேண்டும். அதோடு ஒரு நிபந்தனை. கம்பெனி பணம் கொடுக்கிற விதத்தைப் பற்றி நான் வெளியில் எவரிடமும் பேசக்கூடாது. பேசியதாகத் தெரிந்தால் மிச்சமிருக்கிற செக் செல்லாது.

எனக்கு வந்ததே கோபம். "என் சோத்தைத் தின்னுட்டு என் வாய்க்கே பூட்டு போடுவாங்களா? பாதிய முழுங்கிட்டு ஏப்பம் விடற சத்தம்கூட நான் கேக்கக்கூடாதா?" என்று அந்த ஆபீஸே அதிரக் கத்தினேன். மைக் மாட்டிய பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேலத்துப் பெண் கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவையாக மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்றாள். "அக்கா, எனக்கு உங்க வாயை நெனைச்சாத்தான் பயமா இருக்கு. மூணாவது செக் பாஸாகற வரைக்கும் கோயில்ல சாமிகிட்டகூட இதைப் பத்திப் பேசாதீங்க" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். முதல் செக் பாஸாயிற்று, மளிகைக்காரருக்கும் கேஸ்காரருக்கும் போயிற்று. இரண்டாவதும் பாஸாயிற்று, நான்கு பெண்களுக்கும் நின்றிருந்த சம்பளம் கொடுத்தேன். ஏஜென்சிக்கு அவர்கள் பங்கு. மூன்றாவது செக் புது வருடம் பிறந்து முதல் வாரத்துக்கு. அது அப்படியே ஷெட்காரருக்கு. அவரிடம் செக்கைக் காட்டினேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இடையில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்ச்சில் ஞானஸ்நான விருந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா என்று சின்னச் சின்ன ஆர்டர்கள் கிடைத்தன. ஷெட் மட்டும் தங்கிவிட்டால் வேறு ஒரு கம்பெனியைப் பிடித்துவிடலாம் என்று வீட்டுக்காரரும் நானும் பேசிக்கொண்டோம்.

அந்தச் செக்குக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, அண்டா கழுவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், போன் அடித்தது. தெரியாத நம்பர், தெரியாத பெண் குரல்.

"அக்கா, நான் அத்திபெலேலேர்ந்து பேசறேன். பஸ் ஸ்டாண்டாண்ட சின்னதா மெஸ் வெச்சிருக்கேன். உங்க நம்பர கேன்டீன் பையன்தான் குடுத்தான். நீங்க போட்டுட்டிருந்த கம்பெனி இருக்கில்ல, அந்த சாப்பாட்டு கான்ட்ராக்ட் எனக்குக் குடுக்கறேன்றாங்க. பெரிய ஆர்டருக்கா. சங்கத்துல லோன் போட்டு, செயினை வெச்சு பாத்திரம் வாங்கணும். அதான் உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. பணமெல்லாம் ஒழுங்கா குடுப்பாங்களாக்கா?"

கையில் சோப்பு நுரையோடு நின்றேன். என் செக் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் இந்தப் பெண் பொறுத்துக் கேட்டிருக்கக் கூடாதா என்று அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது. ராங் நம்பர் என்று வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் பக்கம் அவள், "அக்கா? லைன்ல இருக்கீங்களா அக்கா?" என்கிறாள். செயினை வைக்கப்போகிறேன் என்று சொல்கிறவளிடம் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? என்னால் முடியவில்லை.

"வேணாம்மா. போகாத. ஏழு மாசம் என் வயித்துல அடிச்சிட்டாங்க. பாதிப் பணம் போயே போச்சு. செயினை வெக்காத. நீ போட்டே ஆகணும்னா முன்பணம் வாங்கிட்டு அடுப்புப் பத்த வை. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் குரல் மாறிவிட்டது.

"சார் சொன்னாருக்கா. பழைய ஆள்கிட்ட கேட்டா இப்பிடித்தான் சொல்லுவாங்கன்னு. சாப்பாடு சரியில்லன்னு உங்கள நிறுத்திட்டாங்களாமே. இன்னொருத்தி வந்துடக் கூடாதுன்னு உங்களுக்கு இருக்கும்ல, அது தப்பில்லக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாவம் இந்த அக்கா என்கிற மாதிரி சொன்னாள். வைத்துவிட்டாள்.

செக்கைப் போட்ட மறுநாள் பேங்கிலிருந்து மெசேஜ். பணம் கொடுக்க வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. சேலத்துப் பெண்ணுக்குப் போன் செய்தால் அவளுக்கு ஏற்கெனவே மெயில் வந்திருந்தது. அத்திபெலேப் பெண் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழைய அக்கா இப்படிச் சொல்கிறார்களே, நிஜமா சார் என்று வெள்ளந்தியாக அவரிடமே போய்க் கேட்டிருக்கிறாள்.

"நீங்க சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவளுடைய அமைதி எனக்குத்தான் தாங்கவில்லை. "திட்டிடும்மா, வாய் வலிக்கத் திட்டு" என்றேன். அவள் திட்டவில்லை. மேனேஜரிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாளாம். கையெழுத்துப் போட்ட நிபந்தனையை நாமே மீறியிருக்கிறோம், செக்கை வைத்துக் கேஸ் போட்டால் வக்கீல் செலவுக்கே பத்தாது, சின்ன அக்கவுன்ட் என்று சொல்லிவிட்டாராம். ஃபைலை மூடச் சொல்லிவிட்டார்களாம். "எனக்கு வேற வழி தெரியலைக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவளை நான் என்ன சொல்ல? மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளை.

நேராகக் கம்பெனிக்கே போனேன். கேட்டில் வாட்ச்மேன் எழுந்து குறுக்கே நின்றார். எட்டு வருடம் அவருக்குத் தனியாக ஒரு டப்பாவில் ரசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சர்க்கரை வியாதிக்காரர் என்று சோறு குறைத்துப் பொரியல் கூட வைப்பேன். "உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கேட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வீட்டுக்காரர் வந்து தோளைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

சங்கராந்தியன்று காலையில் ஷெட்காரர் எள்ளும் வெல்லமும் கரும்புத் துண்டும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, அப்புறமும் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கும் கேட்க வாய் வரவில்லை. நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். பழைய வாடகைக்கு அடுப்பையும் தொட்டியையும் புகைக்கூண்டையும் அவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கட்டின அடுப்பை நான் பிடுங்கிக்கொண்டு போகவா முடியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை மிச்சம் மீதிப் பாத்திரங்களை எடுத்துப்போக வந்தபோது ஷெட் வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே ஆட்கள். புதுசாக வாடகைக்கு வந்திருக்கிறார்கள் என்றார் ஷெட்காரர், பக்கத்துக் கம்பெனிக்குச் சாப்பாடு போடப் போகிறார்களாம், அடுப்பு தயாராக இருக்கவே அட்வான்ஸை உடனே கொடுத்துவிட்டார்களாம். அதற்குள் உள்ளே பேசிய பெண்ணின் குரலைக் கேட்டே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்திபெலேயிலிருந்து தினம் சாப்பாடு கொண்டுவந்தால் ஆறிப்போகும் என்று பக்கத்திலேயே இடம் தேடியிருக்கிறாள். என் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். என் நான்கு பெண்களில் இரண்டு பேர் அவளோடு நின்றிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எதற்குக் குனிய வேண்டும், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

நான் யார் என்று தெரிந்ததும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, அன்னைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. சார்கிட்ட நான் சும்மாதான் கேட்டேன், உங்களுக்கு ஏதாவது பேஜாரா ஆச்சா?"

"முன்பணம் வாங்கினியாம்மா?"

"மாசக் கடைசியில மொத்தமா தரேன்னிருக்காருக்கா. ரொம்ப மரியாதையானவரு. சேர் போட்டு உக்கார வெச்சுத்தான் பேசறாரு."

மறுபடியும் சொன்னேன். எல்லாவற்றையும், முதலிலிருந்து, பில்லையும் செக்கையும் போட்டோவையும் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என் ஷெட்டில் அவள் நிற்கிறாள் என்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று அவள் நினைப்பது கண்ணிலேயே தெரிந்தது. பேசப் பேச அந்தக் கண்ணில் இரக்கம்தான் அதிகமாயிற்று. நிறுத்திவிட்டேன்.

பால் காய்ச்ச எல்லாம் தயாராக இருந்தது. பெரிய அடுப்பின்மேல் புதுப் பானை, மஞ்சள் கொத்து, பக்கத்தில் ஊதுபத்தி. அவள் தீப்பெட்டியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்களே பத்த வைங்க. உங்க கைராசி எனக்கு வேணும். எட்டு வருஷம் ஒரே கம்பெனிக்குப் போட்ட கையி. அந்த தைரியத்துலதான் நானே எறங்கினேன்."

நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவள் என் கையை நம்பிக்கொண்டு நிற்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் நல்ல நாளும் அதுவுமாக ஒரு சின்னப் பெண்ணைச் சபித்ததாகப் போகும். பற்றவைத்தால் நானே அவளை அந்தப் படுகுழியில் பிடித்துத் தள்ளினதாகப் போகும். ஓடிப்போடி என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவள் புருஷன், மாமியார், என் பழைய பெண்கள், ஷெட்காரர் எல்லாரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பற்றவைத்தேன். நன்றாகக் கட்டின அடுப்பு, பால் சீக்கிரமே பொங்கிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். நன்றாயிரு என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. ஷெட்டை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா நடக்கும், அழாதீங்கக்கா" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.